வண்ணப் பாம்பும் அனுமதிப்பத்திரமும்

வீட்டில் பாம்பு வளர்ப்பதும், அதற்கென இனப்பெருக்கம் செய்து விற்பதும் மேலைநாடுகளில் பெருந்தொழிலாகியுள்ளன. ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டப்புறங்களிலும் நமது இளைஞர்கள் கைத்தொலைபேசித் திரையில் அப்பாம்புகளைக் காண்கின்றனர். "தூய இனம்", "நம்பிக்கையான வளர்ப்பாளர்" என்னும் விளம்பரச் சொற்களின் பொருளை அவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இவ்வணிகத்தில் பெரிதும் விலைபோவது, மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்குரிய பந்து மலைப்பாம்பு. அஞ்சும்போது பந்துபோற் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது. இதில் தூய இனமெனப் புகழப்படுவது பெரும்பாலும் தெரிவுசெய்து இணைத்துப் பெறப்பட்ட நிற வேறுபாடேயாகும். நிறம் அழகாயிருப்பதால் உடல்நலமும் சிறந்ததெனக் கொள்ளலாகாது. 'ஸ்பைடர்' என்ற நிறவகைப் பாம்புகள் பரம்பரை நரம்புக் கோளாற்றினால் தலை தள்ளாடித் தவிக்கின்றன. ஆகவே, நேர்மையான வளர்ப்பாளர் தாய், தந்தைப் பாம்புகளின் விபரத்தையும் இரையுண்ட பதிவையும் காட்டுவார், குறையையும் மறைக்கமாட்டார்.

எனினும், வளர்ப்பாளரின் நற்பெயர் சட்டத்துக்கு ஈடாகாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுப் பாம்பை இலங்கைக்குள் கொண்டுவர முடியாது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகம் தொடர்பான உடன்படிக்கையில் நமது நாடு 1979இல் இணைந்தது. பந்து மலைப்பாம்பும் அதன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. அயலிலுள்ள சென்னை விமான நிலையத்தில் 2023 ஏப்ரலில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியொருவரின் பொதிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. பத்திரமின்றி வாங்குபவர் பணத்தையும் இழந்து, வழக்குக்கும் ஆளாகின்றார்.

உயிராபத்தும் உண்டு. தோட்டங்களில் அடிக்கடி தீண்டும் கூன்மூக்கு விரியனின் நஞ்சுக்கே, நமது வைத்தியசாலைகளில் பயன்படும் இந்திய நச்சுமுறி மருந்து பயனளிப்பதில்லை. அவ்வாறிருக்க, களவாக வந்த வெளிநாட்டு நச்சுப்பாம்பு தீண்டினால் மருந்துக்கு எங்கு செல்வது? நஞ்சற்றதாயினும், வளர்ந்தபின் காட்டில் விடுவது பெருந்தீங்கு. அமெரிக்காவின் புளோரிடாவில் இவ்வாறு வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, சிறு விலங்குகளை அழித்துவருகின்றன. அந்நாடு 2012இல் அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது.

ஆகவே, பாம்பின் விலையைக் கேட்குமுன் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். பத்திரம் இல்லையெனில், விற்பவர் எவராயினும் வாங்காதீர்கள். பாம்பின்மீது உண்மையான ஆர்வமுள்ளவர்கள், லயங்களைச் சுற்றி எலிகளை உண்டு உதவும் சாரைப்பாம்பை அடித்துக் கொல்லாது விடுவதிலிருந்து தொடங்கலாம் என்பதே நமது கருத்தாகும்.