மொட்டை மலைக்கு மொட்டை போட்டது யார்?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஒன்பதாவது மைல் என்றொரு இடம் இருக்கிறது. சினிமாப் பாட்டுகளில் அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல் மேடுகள். மேடுகளுக்கு நடுவே உள்ள மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகக் கொஞ்சம் காடு. போன விடுமுறையில் அங்கே வண்டியை நிறுத்தியதும் அண்ணன் மகள் கேட்டாள்:

"சித்தப்பா, இங்கே இருந்த மரத்தை எல்லாம் யாரு வெட்டினாங்க?"

"யாரும் வெட்டலை, கண்ணு."

"அப்போ ஏன் மலை மொட்டையா இருக்கு?"

நல்ல கேள்வி. பதில் மேலே இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது.

மலையை வெட்டிப் பார்ப்போமா?

நாம் வெட்ட வேண்டியதில்லை. சாலை போடுவதற்காக ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வெட்டுமுகங்களைக் கவனியுங்கள். மேலே கறுப்பு மண். அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமான மண். இன்னும் கீழே, வெங்காயத் தோல் உரிவதுபோல அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கும் உருண்டைக் கற்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கெட்டிப் பாறை.

அந்தக் கற்கள்தான் மண்ணாக மாறிக்கொண்டிருக்கின்றன. மழையும் வெயிலும் குளிரும் பாறையின் மூலைகளைத்தான் முதலில் அரிக்கும். அதனால் சதுரக் கல்லும் நாளடைவில் உருண்டையாகிவிடும். ஓர் அங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

மண்ணின் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முகட்டில் உருவாகும் மண்ணை மழை கீழே இறக்கிவிடும். அதனால் பள்ளத்தில் ஆள் உயரத்துக்கு மேலும் மண் சேர்ந்திருக்கும். முகட்டிலோ பல இடங்களில் ஒரு சாண் தோண்டினாலே பாறை தட்டும்.

கல்லறை தந்த பெயர்

நீலகிரியின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவின் தொடக்க வரலாற்றில் வரும் ஜோப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அந்தக் கல் போனது எங்கிருந்து தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரம் பகுதியிலிருந்து! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கின் பெயரைச் சூட்டினார். நீலகிரியின் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் நிற்கும்போது நீங்கள் மிதிப்பது அதைத்தான்.

மண்ணுக்கும் புளிப்பு உண்டு

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். முட்டை ஓட்டின் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி வரும். ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பதே காரணம். அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லும் இப்படித்தான் நுரைக்கும். சார்னோக்கைட் நுரைக்காது.

சுண்ணாம்புப் பாறைமேல் உண்டாகும் மண்ணுக்கு அடியிலிருந்து சுண்ணாம்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். நீலகிரி மண்ணுக்கு அந்த வசதி இல்லை. பாறை தரும் கொஞ்சத்தையும் மழை கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் இங்கே மண் புளிப்பானது, அதாவது அமிலத்தன்மை உடையது.

இதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், பூவைப் பார்த்தாலே போதும். குன்னூர்த் தோட்டங்களில் ஹைட்ரேஞ்சா கொத்துக்கொத்தாக நீல நிறத்தில் பூக்கும். அதே செடியைச் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் எளிதில் கரையும். வேர் வழியாகப் பூவுக்குப் போய்ச் சேர்ந்து நீல நிறம் கொடுக்கும். தேயிலைக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். ஆனால் புளிப்பு அளவு மீறினால் ஆகாது. அதனால் தேயிலைத் தோட்டக்காரர்களும் காய்கறி விவசாயிகளும் மலையில் இல்லாத சுண்ணாம்புச் சத்தை மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுகிறார்கள்.

புல்லின் சாமர்த்தியம்

இப்போது மொட்டை மலைக்கு வருவோம். முகட்டு மண் ஆழமில்லாதது. பெரிய மரம் வேர் ஊன்ற அங்கே இடம் போதாது. காற்றும் பலமாக அடிக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெட்டவெளியில் உறைபனி விழும். மரக்கன்றின் குருத்து நுனியில் இருப்பதால் பனியில் கருகிவிடும். புல்லின் குருத்தோ தரையை ஒட்டி ஒளிந்திருக்கும். மேலே கருகினாலும், தீ பட்டாலும், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமை மேய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். மடிப்புகளில் மண்ணும் ஈரமும் அதிகம், காற்று குறைவு. அங்கே சோலைக்காடு வளர்கிறது.

மேல் மண் கறுப்பானதற்கும் புல்லுக்குப் பங்கு உண்டு. ஆண்டுதோறும் அதன் வேர்களில் ஒரு பகுதி செத்து மட்கும். குளிரில் மட்கு மெதுவாகச் சிதைவதால் கறுப்பாகச் சேர்ந்துகொண்டே போகும். மழை நீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுவது இந்த மண்தான்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலும் இந்தப் புல்வெளிக்கு ஓர் உறவுக்காரர் உண்டு. அங்கே ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற குன்றுகளில் சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் ஆள் உயரப் புல். மற்ற இடங்களில் இருந்த புல்வெளியில் பெரும்பாலானதை உழுது வயலாக்கிவிட்டார்கள். இந்தக் குன்றுகளில் ஏர் கல்லில் மோதி நின்றது. அதனால் புல் தப்பியது. அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் உயரப் புல்வெளியில் பெரும்பகுதி இன்று அங்கேதான் இருக்கிறது.

நம் புல்வெளி தப்பியதா?

முழுவதும் தப்பவில்லை. நீலகிரிப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துவிட்டார்கள். 1843இல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது. சீகை மரமும் (வாட்டில்) பைனும் தேயிலையும்கூட வந்தன. சீகை இப்போது நட்ட இடத்தைத் தாண்டிப் புல்வெளிக்குள் பரவுகிறது. வனத்துறை அதை அகற்றிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறது. முகுர்த்தி தேசியப் பூங்காவில் மேயும் வரையாடு, நம் மாநில விலங்கு, இந்தப் புல்லை நம்பித்தான் வாழ்கிறது.

மண்ணுக்கும் ஆபத்து வந்தது. சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடும் சாலையும் அமைத்தால் மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். 2009 நவம்பரில் நீலகிரியில் உள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நீர் குடித்துக் கனத்த மண் பல இடங்களில் சரிந்தது. அந்த மழையில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

"சரி சித்தப்பா, யாரும் வெட்டலைன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றாள் அண்ணன் மகள். விடமாட்டாள்!

அதற்கும் மண்ணே சாட்சி. நீலகிரிச் சதுப்புகளில் செத்த செடிகள் முழுவதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. கார்பனில் கனம் குறைந்தது, கூடியது என்று வகை உண்டு. வெப்பநாட்டுப் புற்கள் கனம் கூடியதை மரங்களைவிடச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளும். அந்த அளவைப் பார்த்தால் எந்த அடுக்கு புல்லின் மிச்சம், எது மரத்தின் மிச்சம் என்று தெரிந்துவிடும். ஆய்வாளர் ஆர். சுகுமாரும் உடன் பணியாற்றியவர்களும் இதை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். தட்பவெப்பம் மாறும்போது புல்லும் மரமும் இங்கே கூடிக் குறைந்து வந்திருக்கின்றன. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் புல் இருந்தது.

அப்போது ஊட்டியில் கோடரியும் இல்லை, விறகு வெட்டியும் இல்லை. அடுத்த முறை நீலகிரிக்குப் போனால் புல்வெளியைப் பார்த்து "ஐயோ, மொட்டை மலை" என்று சொல்லாதீர்கள். அது வழித்த தலை அல்ல, பிறவியிலேயே அப்படித்தான்.