குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

நோய் எதிர்ப்புச் சக்தி என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு உடனே கஷாயத்துக்கும் நெல்லிக்காய்க்கும் போய்விடுகிறது. அந்தச் சக்தியின் முக்கியமான ஒரு பகுதி நாம் பிறக்கும் முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. இடம், மார்பெலும்புக்குப் பின்னால் இதயத்தின் மேற்புறம் ஒட்டிக் கிடக்கும் தைமஸ். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி செல்கள் உருப்பெறுவது இங்கேதான். தாயின் வயிற்றில் இரண்டு மாதம் கடந்ததுமே முதல் செல்கள் இங்கே வந்து சேரத் தொடங்குகின்றன.

1961 வரை தைமஸின் வேலை என்னவென்றே தெரியாது. லண்டனில் ஜாக் மில்லர் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை வெட்டி எடுத்துப் பார்த்தார். முதல் சில வாரங்கள் குட்டிகள் நன்றாகவே இருந்தன. பிறகு இளைத்து, தொற்று கண்டு செத்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டியபோதும் அவற்றின் உடம்பு அதை எதிர்க்கவில்லை. இதற்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் செய்த கொடுமையை நினைத்தால் மனம் பதறுகிறது. நோயில் சுருங்கிய தைமஸையே பிரேதப் பரிசோதனைகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ் வீக்கமாகத் தெரிந்தது. அதைச் சுருக்க எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல் தைமஸுக்குள் நுழைந்ததும் தன் மரபணுவையே வெட்டி ஒட்டுகிறது. கிருமியை அடையாளம் காணும் ஏற்பி அப்படித்தான் செல்லுக்குச் செல் வேறுபட்டு அமைகிறது. அடுத்து வருவது கடுமையான வடிகட்டல். உடம்பின் சொந்த அடையாளப் புரதத்தைத் தொட்டுணரவே முடியாத செல் பட்டுப்போகும். சொந்தப் புரதத்தை இறுகப் பற்றும் செல், நாளை உடம்பையே தாக்கும் என்பதால் பெரும்பாலும் அழிக்கப்படும். இதற்காகவே, கணையத்தில் சுரக்க வேண்டிய இன்சுலினைக்கூடத் தைமஸ் தானே கொஞ்சம் தயாரித்துக் காட்டுகிறது! நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் உள்ளேயே மடிகின்றன.

என் கவலை மரபணுவை வெட்டும்போது மிஞ்சும் துண்டைப் பற்றியது. வெட்டி எறியப்பட்ட டிஎன்ஏ வளையமாகச் சுருண்டு, புதிய டி செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் ஒற்றி எடுத்த உலர்ந்த ரத்தத்தில் அந்த வளையங்களை அளவிடலாம். அறவே இல்லையென்றால் டி செல்லே உருவாகவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். 2008-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் இந்தச் சோதனையைத் தொடங்கியது. பத்தே ஆண்டில் அந்த நாடு முழுக்கப் பரவிவிட்டது.

நம் நாட்டில் அது எல்லாக் குழந்தைக்கும் செய்யப்படுவதில்லை. ‘ஸ்கிட்’ எனப்படும் இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் சில மாதம் காப்பாற்றும். பிறகு நாக்கில் போகாத வெள்ளைப் படலம், நிற்காத பேதி, திரும்பத் திரும்ப நிமோனியா, ஏறாத எடை. அதற்குள் பிறந்த கையோடு பிசிஜி போட்டிருப்பார்கள். மற்றக் குழந்தைகளுக்கு உயிர் காக்கும் ஊசி அது. தவறவே விடக் கூடாது. ஆனால் அதிலிருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. டி செல் இல்லாத உடம்பில் அது பரவி உயிரையே குடிக்கும்.

லட்சத்தில் ஒன்றிரண்டு குழந்தைக்கு வரும் நோய்க்காக எல்லோருக்கும் சோதனையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விகிதம் அமெரிக்காவுடையது. ஸ்கிட்டின் பல வகைகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு சேரும்போது வருபவை; சொந்தத்தில் மணமுடித்தால் அந்த வாய்ப்பு கூடும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் மணமுடித்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் உறவு தொடரும் மண்ணில் அந்நிய நாட்டு விகிதத்தைக் காட்டிச் சும்மா இருப்பது நியாயமில்லை. நேரத்தில் கண்டுபிடித்தால் பலன் பெரிது: பிறந்து மூன்றரை மாதத்துக்குள் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் பிழைத்திருந்ததை 2014-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது.

குதிகால் சோதனை வரும்வரை சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டே கைகொடுக்கும். மொத்த வெள்ளையணு 6,000, அதில் டி செல்கள் அடங்கிய லிம்போசைட் வகை 20 சதவீதம் என்று இருந்தால் கணக்கு 1,200. பெரியவர்களுக்கு இது சாதாரணம். கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாத தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்குப் பிசிஜி போடும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.