இரவு வேலையும் தேகத்தின் சட்டமும்

வல்லக்கோட்டை முருகன் சந்நிதியைச் சூழ்ந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பிரதேசங்களில் இன்று ஆலைகள் நிறைந்து விளங்குகின்றன. மோட்டார் வண்டிகளும் டயர்களும் இராப்பகலாக உற்பத்தியாகின்றன. இயந்திரத்திற்கு இரவும் பகலும் ஒன்றே. மனித தேகத்திற்கும் அவ்வாறுதானா? அன்று என்பதே விஞ்ஞானத்தின் விடை.

சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. துயிலெழும் வேளையில் அது உச்சத்தை எய்தி, நள்ளிரவையொட்டித் தாழ்கிறது. கொழுப்பில் கரையும் இயல்பினதாதலால் உயிரணுவின் சவ்வை எளிதில் கடக்கிறது. உள்ளே ஏற்பி என்னும் புரதம் அதற்கெனவே காத்திருக்கிறது. பூட்டும் சாவியும் போல் இரண்டும் பிணைந்ததும், ஏற்பி உட்கருவிற் புகுந்து மரபுச் சரட்டில் தனக்குரிய இடத்தைப் பற்றுகிறது. அங்கே ஆர்.என்.ஏ. என்னும் பிரதி எழுதப்பெறுகிறது. அப்பிரதியின்படி புதிய என்ஸைம்கள் உண்டாகின்றன. கல்லீரலில் இவை அமினோ அமிலங்களைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகின்றன. ஒருமுறை பிறந்த கட்டளை பல மணி நேரம் நீடிக்கிறது.

இத்துறையில் நம்மவர் பங்கும் உண்டு. எஸ்ட்ரடையால் என்னும் மற்றொரு ஸ்டீராய்டு கருப்பையில் பிணைவதற்கும் ஆர்.என்.ஏ. உற்பத்திக்கும் உள்ள தொடர்பை, ஜி. பி. தால்வார் அமெரிக்கச் சகாக்களுடன் 1964-ல் ஆராய்ந்து வெளியிட்டார்.

கார்டிசாலின் ஏற்றவிறக்கத்தை நடத்துவது மூளையிலுள்ள கடிகாரம். அதைத் திருத்துவது சூரிய ஒளி. சில இரவுகள் கண்விழித்ததனால் அது தலைகீழாக மாறிவிடாது. ஆகவே தேகம் ஒரு வேளையையும் ஆலைச் சங்கு வேறொரு வேளையையும் கூறுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே வருஷக்கணக்கில் சிக்கியவர்க்கு நீரிழிவு நேரும் அபாயம் மிகுதி. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச ஸ்தாபனமும் 2007-லும் மறுபடி 2019-லும் இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாயிருக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றியதும், கடும் எதிர்ப்பின் பயனாக அவ்வாண்டு மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும் நேயர்கள் அறிந்ததே. அவ்வெற்றியோடு நின்றுவிடலாகாது. இரவு முறைகள் குறைக்கப்படவேண்டும். இரு முறைகளுக்கிடையே போதிய ஓய்வு வேண்டும். இரவில் உழைப்போரின் இரத்தச் சர்க்கரை ஆலைச் செலவில் தவறாது பரிசோதிக்கப்படவேண்டும்.

சட்டசபையின் சட்டத்தைத் திருத்தலாம்; தேகத்தின் சட்டத்திற்குத் திருத்தமில்லை. தொழிலாளரின் ஆரோக்கியத்தை அடகுவைத்துப் பெறும் தொழில் வளம் தேசத்தின் செல்வமாகாது, கடனேயாகும்.