புண் இல்லை, ஆனாலும் நெஞ்சு எரிவது ஏன்?

நெஞ்செரிச்சல் என்று மருத்துவரிடம் போகிறவர்களில் பலருக்கு, எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் சுத்தமாகவே தெரிகிறது. ஆனாலும் எரிச்சல் பொய்யல்ல. அதற்கான காரணம் குழாயின் நரம்புகளில் இருக்கிறது.

சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயிலிருந்து மூளைக்குச் செய்தி இரண்டு தடங்களில் போகிறது. ஒன்று வேகஸ் நரம்பு. மற்றொன்று தண்டுவடம் வழியே செல்லும் நரம்புகள்.

விரிவு

வேகஸின் நுனிகள் தசை அடுக்குகளுக்கு நடுவே தகடாகப் படர்ந்திருக்கின்றன. கவளம் இறங்கும்போது சுவர் விரிகிறது. நுனிகள் இழுபட்டு மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. விழுங்கும் அசைவு அதற்கேற்பச் சீராகிறது. இதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடக்கும். சரியாக மெல்லாத கவளம் சிக்கிச் சுவர் அளவுக்கு மீறி விரிந்தால், தண்டுவட நரம்புகளும் தூண்டப்பட்டு வலி தெரிகிறது.

அமிலம்

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழுவினர் 1997-ல் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தை அடையாளம் கண்டனர். 2021-ல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு நுனியில் இருக்கும் இப்புரதத்தைக் காரமும் தூண்டும், 43 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் தூண்டும், அமிலமும் தூண்டும். புளித்த ஏப்பம் எரிவதில் இதற்கும் பங்குண்டு.

வலி

அமிலம் அடிக்கடி மேலேறினால் உட்படலச் செல்களின் இடைவெளி அகல்கிறது. எண்டோஸ்கோபியில் தெரியாத அந்த இடுக்குகள் வழியே அமிலம் நரம்பை எட்டுகிறது. அடிக்கடி சீண்டப்பட்ட நரம்பு, பிறகு சிறு தூண்டலுக்கே பெரிதாக அலறுகிறது. தண்டுவடமும் மூளையும் அதை மேலும் பெருக்குகின்றன. கவலையும் தூக்கக் கேடும் அதைக் கூட்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பலிக்காத சிலருக்கு, மனச்சோர்வுக்கான மருந்தையே குறைந்த அளவில் மருத்துவர் எழுதித் தருவது நரம்பின் கூச்சத்தைத் தணிக்கத்தான்.

இதயமா, குழாயா?

இதயத்தின் வலி நரம்புகளும், உணவுக்குழாயின் நரம்புகள் சேரும் தண்டுவடத்தின் அதே மேல்மார்புப் பகுதியில்தான் வந்து சேர்கின்றன. வலி எதிலிருந்து வருகிறது என்று மூளையே தடுமாறும். எனவே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால், ‘வாயுத் தொல்லை’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள், உணவுக்குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.