உள்முகவரியை உரைக்கும் மேசைத் தொலைபேசி

சென்னை மெயிலில் ஹவுராவுக்கு வந்து இறங்குவோரை வரவேற்பது, 1943-இல் திறக்கப்பட்ட பெரும் பாலம். ஆற்றின் மறுகரையிலுள்ள கல்கத்தாவில் 1882 ஜனவரியில் தொலைபேசி இணைப்பகம் இயங்கத் தொடங்கியது. எந்தக் கம்பி எந்த வீட்டுக்குச் செல்கிறது என்பதை அக்காலத்தில் இணைப்பகமே அறிந்திருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று கருவி சொல்ல வேண்டிய தேவை எழவில்லை.

இணையவழித் தொலைபேசியோ தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்க வேண்டும். ஹவுராவின் வார்ப்படத் தொழிற்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் அத்தகைய கருவி இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் கிடைத்தவுடனும், பின்னர்க் குறித்த இடைவெளிதோறும், அது சேவை நிறுவனத்தின் சேவையகத்துக்குப் பதிவுச் செய்தி அனுப்புகிறது. ‘இந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் என்னை இந்த முகவரியில் காணலாம்’ என்பதே அதன் சாரம். இதற்கான நெறிமுறைக்கு எஸ்.ஐ.பி. என்று பெயர், வாசகர்கள் அறிந்த மாதத் தவணை முதலீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்று வழக்கிலுள்ள அதன் வடிவம் 2002-இல் வெளியானது.

சிக்கல் அந்த முகவரியில்தான் இருக்கிறது. 1996-இல் இணையப் பொறியாளர்கள் மூன்று எண் தொகுதிகளை உள் வலையமைப்புகளுக்கென ஒதுக்கினர். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவை. ஒரே உள்முகவரி ஹவுராவிலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும். அலுவலகத்தின் ரவுட்டர், வெளியே செல்லும் செய்தியின் உறைமேல் பொது முகவரியை எழுதுகிறது. உறைக்குள் இருக்கும் கடிதத்தை அது பெரும்பாலும் திருத்துவதில்லை. தொலைபேசி தன் கைப்பட எழுதிய உள்முகவரி அப்படியே வெளியே போய்ச் சேருகிறது.

ஹவுராவுக்கு 711101 என்ற அஞ்சல் குறியீட்டுடன் வரவேண்டிய கடிதத்தில், ‘மாடியில் மூன்றாம் அறை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அஞ்சல்காரர் என்ன செய்வார்? சேவையகத்துக்கும் அதே திகைப்புத்தான். அழைப்பு வராமற்போவதும், ஒருவர் குரல் மட்டும் கேட்பதும் பெரும்பாலும் இதனால் நேர்வன. செய்தி எந்த முகவரியிலிருந்து உண்மையில் வந்ததோ அங்கேயே மறுமொழி அனுப்பும் வழிமுறை 2003-இல் வகுக்கப்பட்டது. இன்றைய சேவையகங்கள் பலவும் அதைக் கையாள்கின்றன.

உள்முகவரி வெளிப்படுவதால் மட்டும் எவரும் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட முடியாது. அறை எண்ணை அறிந்தவர் கையில் வாசற்சாவி இல்லை. ஆயினும் அதே செய்தியில் பயனர் எண்ணும், பெரும்பாலான கருவிகளில் மாதிரிப் பெயரும் மென்பொருள் பதிப்பும் இடம்பெறுகின்றன. மறையாக்கம் இல்லாத செய்தியை வழியில் இருப்பவர் படித்துவிடலாம். கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்வதில்லை. எனினும், ஒட்டுக்கேட்ட செய்தியைக் கொண்டு எளிய கடவுச்சொல்லை ஊகித்து அறிய இயலும். அவ்வாறு கணக்கைக் கைப்பற்றுவோர் வெளிநாடுகளுக்கு அழைப்புகளைக் குவிப்பர்; கட்டணமோ உரிமையாளர் தலையில் விழும். சிறு தொழிற்கூடத்துக்கு ஒரு மாதக் கூலிக்கான பணமே அதில் கரைந்துவிடக் கூடும்.

ஆகவே தொழில் புரியும் வாடிக்கையாளர்கள் சிலவற்றை உடனே கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கருவியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றி, நீளமான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் செய்தியும் உரையாடலும் மறையாக்கம் செய்யப்படுகின்றனவா எனச் சேவை நிறுவனத்திடம் வினவுங்கள். தொலைபேசியின் அமைப்புப் பக்கத்தை வெளியுலக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையெனில் அதை நிறுத்திவிடுங்கள். தேவையெனில் நாள்தோறும் செலவிடத்தக்க தொகைக்கு வரம்பு விதிக்கச் சொல்லுங்கள். மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பியுங்கள்.

கல்லாப்பெட்டியைப் பூட்டாமல் எவரும் கடையைச் சாத்துவதில்லை. மேசைமேல் இருக்கும் தொலைபேசியும் அக்கல்லாவுக்குச் செல்லும் ஒரு வழி என்பதை நினைவிற்கொள்வோம்.