மூழ்க விடாத ஏரி

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. உப்பு அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும்? மீன் வாழ முடியாத, மனிதன் மூழ்க முடியாத ஒரு நீர்நிலை உண்டாகும். மேற்கு ஆசியாவில் உள்ள சாக்கடல் அத்தகையது. பெயரில் கடல் இருந்தாலும் அது நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஓர் ஏரியே ஆகும். தமிழ் விவிலியத்தில் இதற்கு உப்புக்கடல் என்று பெயர். எருசலேம், பெத்லகேம் போன்ற புனித இடங்களைக் காணச் செல்வோர் பலர் இந்த ஏரியிலும் ஒரு முறை இறங்கிவிட்டே திரும்புகின்றனர். பக்தியும் அறிவியலும் அருகருகே நிற்கும் அந்த வழியில் நாமும் சற்றுச் சென்று வருவோம்.

மலை நகரங்கள்

எருசலேமின் பழைய நகரம் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புடையது. அதற்குள் மூன்று சமயங்களின் புனிதத் தலங்கள் அமைந்துள்ளன. யூதர்கள் மேற்குச் சுவரின் முன் நின்று வழிபடுகின்றனர். வேண்டுதல்களைச் சீட்டில் எழுதிக் கல் இடுக்குகளில் செருகுகின்றனர். அச்சுவருக்கு மேலுள்ள திடலில் அல் அக்ஸா பள்ளிவாசலும், கி.பி. 691-இல் கட்டி முடிக்கப்பட்ட பொற்குவிமாடமும் உள்ளன. சிறிது தொலைவில், இயேசு அடக்கம் செய்யப்பட்டதாகக் கிறித்தவர்கள் நம்பும் இடத்தில் திருக்கல்லறைத் தேவாலயம் நிற்கிறது. இத்தேவாலயத்தின் சாவியைக் காப்பதும் கதவைத் திறப்பதும் பல நூற்றாண்டுகளாக இரு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பாக இருந்து வருகின்றன. பல கிறித்தவப் பிரிவினர் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இடத்தில் இந்த ஏற்பாடு பூசலைக் குறைத்திருக்கிறது.

எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் பெத்லகேம் உள்ளது. இயேசு பிறந்த இடத்தில் எழுப்பப்பட்டதாகக் கருதப்படும் தேவாலயத்தின் வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரமே உடையது. குதிரை மேல் அமர்ந்தபடி எவரும் உள்ளே புகாதிருக்க வாசலைக் குறுக்கினர் என்பர். இன்று அரசனாயினும் ஆண்டியாயினும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

உலகின் அடித்தளத்திற்கு

எருசலேம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாக்கடலின் நீர்ப்பரப்போ கடல் மட்டத்திற்குக் கீழே 430 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது. நிலப்பரப்பில் இதைவிடத் தாழ்ந்த இடம் உலகில் வேறில்லை. பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 1,200 மீட்டர் கீழே இறங்கி விடுகிறோம். காது அடைக்கிறது. நமக்கு மேலுள்ள காற்றுத் தம்பம் நீளமாவதால் வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது.

ஏன் மிதக்கிறோம்?

யோர்தான் நதி வடக்கிலிருந்து வந்து இந்த ஏரியில் விழுகிறது. வெளியேற வழியில்லை. கடும் வெயிலில் நீர் ஆவியாகிவிடும். அது கொண்டு வந்த உப்பு மட்டும் தங்கிவிடும். இவ்வாறு நெடுங்காலம் சேர்ந்ததன் விளைவாக, சாதாரணக் கடல்நீரில் 3.5 விழுக்காடாக உள்ள உப்பு இங்கே ஏறத்தாழ 34 விழுக்காடு உள்ளது. ஒரு லிட்டர் நீரின் எடை சுமார் 1.24 கிலோகிராம்.

இனி ஆர்க்கிமிடீஸின் தத்துவத்தைப் பொருத்திப் பார்ப்போம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை வெளியேற்றுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடற்பருமன் ஏறத்தாழ 60 லிட்டர். சாக்கடலில் அவர் 48 லிட்டர் நீரை வெளியேற்றினாலே போதும். எஞ்சிய 12 லிட்டர், அதாவது உடலில் ஐந்தில் ஒரு பங்கு, நீருக்கு மேலே நிற்கும். முட்டை நல்ல தண்ணீரில் மூழ்கி, உப்புக் கரைசலில் மிதக்கும் சோதனையில் இங்கே நாமே முட்டை!

இந்த வியப்பு பழமையானது. இங்கே கட்டிப் போடப்பட்ட மனிதனும் மூழ்குவதில்லை என்ற செய்தியை அரிஸ்டாட்டில் குறிப்பிட்டுள்ளார். முதல் நூற்றாண்டில் ரோமானியத் தளபதி வெஸ்பேசியன், நீந்தத் தெரியாத சிலரைக் கைகளைப் பின்னால் கட்டி எறியச் செய்தான் என்றும், அவர்கள் மிதந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியுள்ளார்.

மிதந்தாலும் ஆபத்து

மூழ்க முடியாது என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணலாகாது. கால்கள் தாமே மேலெழும்புவதால், குப்புறக் கவிழ்ந்தவர் நிமிர்வது கடினம். இந்நீரில் சமையலுப்பைக் காட்டிலும் மக்னீசியம் குளோரைடு மிகுதி, கால்சியமும் உண்டு. சிறிதளவு அதிகமாக விழுங்கினாலும் இரத்தத்தில் இவற்றின் அளவு உயர்ந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். எனவே மெல்ல நடந்து சென்று, நாற்காலியில் அமர்வது போலப் பின்னால் சாய வேண்டும். குப்புற நீந்தலாகாது. கண்ணில் நீர் படலாகாது. சிறு கீறலும் தீயாய் எரியும். கால் மணி நேரத்தில் கரையேறி நல்ல நீரில் குளித்துவிட வேண்டும்.

கரையில் காண்பவை

வடமேற்குக் கரையில் உள்ளது கும்ரான். 1947-ஆம் ஆண்டை ஒட்டி ஆடு மேய்ப்போர் அங்கே ஒரு குகையில் சாடிகளுக்குள் தோல் சுருள்களைக் கண்டனர். பின்னர் மொத்தம் 11 குகைகளில் சுவடிகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகள் அவை அழியாமல் இருந்ததற்கு அந்நிலத்தின் வறட்சியும் ஒரு காரணமாகும். தெற்கே, ஏரோது மன்னன் அரண் அமைத்த மசாதா என்னும் குன்று எழுந்து நிற்கிறது. எதிர்க்கரையான ஜோர்டான் நாட்டில், மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்ததாகக் கூறப்படும் நேபோ மலையும், இயேசு திருமுழுக்குப் பெற்றதாகப் போற்றப்படும் ஆற்றங்கரையும் உள்ளன.

கடைமடையின் துயரம்

அந்த ஆற்றங்கரைக்குச் செல்வோர், இத்தனை புகழ் பெற்ற யோர்தான் இத்துணை சிறிய ஓடையா என்று திகைக்கின்றனர். நீர் எங்கே போயிற்று? இஸ்ரேல் 1964-இல் முடித்த தேசிய நீர்க்கால்வாய், கலிலேயா ஏரியின் நீரைத் தெற்கே கொண்டு சென்றது. ஜோர்டானும் சிரியாவும் யார்முக் என்னும் துணையாற்றின் நீரை எடுத்துக்கொண்டன. போதாததற்கு, இரு கரைகளிலும் உள்ள தொழிற்சாலைகள் பொட்டாஷ் முதலிய உப்புக்களுக்காக ஏரிநீரை இறைத்துப் பாத்திகளில் காயவிடுகின்றன.

விளைவு என்ன? 1930-களில் கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 390 மீட்டரில் இருந்த நீர்ப்பரப்பு 40 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. இப்போது ஆண்டுதோறும் ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஏரி பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி நன்னீர் புகுந்து, மண்ணுக்கடியில் புதைந்துள்ள உப்புப் படிவத்தைக் கரைக்கிறது. அடியில் வெற்றிடம் உண்டாகி, ஒருநாள் மேல்மண் இடிந்து விழுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான குழிகள் தோன்றியுள்ளன. எங்கெதி என்னும் புகழ்பெற்ற நீராடு துறை இதனால் 2015-இல் மூடப்பட்டது. செங்கடல் நீரைக் கொண்டுவரும் திட்டத்திற்கு 2013-இல் உடன்பாடு ஏற்பட்டும் அது நிறைவேறவில்லை.

நம் நாட்டு உழவர்களுக்குக் கடைமடை என்ற சொல்லின் பொருள் நன்கு தெரியும். தலைமடையில் எடுக்கும் ஒவ்வொரு குடம் நீரின் கணக்கும் அங்கேதான் தெரியவரும். யோர்தானுக்குச் சாக்கடலே கடைமடை. மேலே நீரை எடுத்தவர்களுக்கும் குடிநீர் வேண்டும், பயிருக்கு நீர் வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவரவர் பங்கை எண்ணிய நாடுகள், ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எண்ணவில்லை. ஒரு தேவாலயத்தின் சாவியை நூற்றாண்டுகளாகப் பொறுப்புடன் பகிர்ந்து காத்து வரும் மண் அது. ஓர் ஆற்றின் நீரையும் அவ்வாறே பகிர்ந்து காக்க அது கற்றுக்கொள்ளுமானால், மனிதனை மூழ்க விடாத அந்த ஏரி தானும் மறையாமல் நிற்கும்.