திரை இருண்டால் பழுது எங்கே?

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன; சிறு விளக்குகள் ஒளிர்கின்றன; திரையோ இருண்டே கிடக்கிறது. இந்நிலையில் பலருடைய ஐயம் முதலில் வரைகலை அட்டையின்மீதே பாய்கிறது. படத்தை ஆக்கித் தருவது அவ்வட்டை, படம் வரவில்லை, ஆகவே கெட்டது அதுவே என்று முடிவு கட்டிவிடுகின்றனர். பல நூறு வெள்ளி கொடுத்துப் புதிய அட்டை வாங்கிப் பொருத்திய பின்னும் திரை இருண்டிருக்கக் கண்டு திகைப்போர் உளர். நல்ல அட்டை குப்பைக்குப் போக, பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

திரையில் ஓர் எழுத்துத் தோன்றுமுன் நடைபெற வேண்டியன பல. மின்வழங்கி மின்சாரம் தரவேண்டும். தாய்ப்பலகையில் உறையும் தொடக்க நிரல் விழித்தெழுந்து செயலி, நினைவகம், வரைகலை அட்டை ஆகியவற்றைச் சோதித்தறிய வேண்டும். அட்டை படத்தை உருவாக்க வேண்டும். வடம் அதனைச் சுமந்து செல்ல வேண்டும். இவற்றுள் எது தவறினாலும் காண்பவர்க்குக் கிடைப்பது அதே இருள்தான். வகுப்பில் வாய் திறவாத மாணவன் பாடம் அறியாதவனா, அன்றி வினாவே செவியில் விழாதவனா என்பதை ஆசிரியர் முதலில் பார்ப்பார் அல்லரோ? கணினியையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வதே அறிவுடைமை. ‘சிக்னல் இல்லை’ என்று திரை அறிவிக்குமாயின், திரை உயிரோடுதான் இருக்கிறது. அது எந்த வாயிலிலிருந்து படத்தை எதிர்நோக்குகிறது என்பதைத் திரையின் பொத்தான்களைக் கொண்டு பார்க்கவேண்டும். வடம் டிஸ்பிளேபோர்ட் துளையில் இருக்க, திரை எச்.டி.எம்.ஐ. துளையையே நோக்கிக்கொண்டிருப்பது உண்டு. அடுத்து, வடத்தின் மறுமுனை எங்கே செருகப்பட்டுள்ளது? கணினியின் பின்புறத்தில் யு.எஸ்.பி. துளைகளின் நடுவே இருக்கும் திரைத்துளை தாய்ப்பலகைக்கு உரியது. அதற்குக் கீழே தனித்துக் கிடையாக அமைந்தவையே அட்டைக்கு உரியவை. தனி அட்டை இருக்கும்போது தாய்ப்பலகையின் துளை பெரும்பாலும் படம் தருவதில்லை. மிகவும் எளிதான இப்பிழையே மிகவும் அடிக்கடி நிகழ்வது என்றால் மிகையாகாது.

அதே துளை வேறொரு வகையில் பெருந்துணையாகும். செயலியினுள்ளேயே வரைகலைப் பகுதி அமைந்திருந்தால், தனி அட்டையைக் கழற்றிவிட்டு வடத்தைத் தாய்ப்பலகையில் செருகிப் பார்க்கலாம். படம் வந்துவிட்டால் செயலி, நினைவகம், திரை, வடம் ஆகிய நான்கும் குற்றமற்றவை. ஐயம் அட்டையிலும், அதன் செருகுவாயிலும், அதற்கு வரும் மின்சாரத்திலும் ஒடுங்கிவிடும். ஆனால், பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்துடைய இன்டெல் செயலிகளில் அப்பகுதி இயங்குவதில்லை. அவற்றில் இச்சோதனை செய்து, படம் வரவில்லையே என்று கலங்குவது வீண்.

மின்சாரத்தைச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய் ஓர் அட்டைக்கு 75 வாட் வரையே தரும். அதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனி வடம் வரவேண்டும். ஆறு முனைச் செருகி 75 வாட்டும், எட்டு முனைச் செருகி 150 வாட்டும் தரவல்லன. இவ்வடத்தைச் செருக மறந்தால் சில அட்டைகள் திரையிலேயே எச்சரிக்கும்; சில ஊமையாய் இருந்துவிடும். விசிறி சுழல்வது அட்டை நலமாயிருப்பதற்குச் சான்று ஆகாது. சுழலாமை பழுதுக்குச் சான்றும் ஆகாது. சூடு குறைந்திருக்கும்போது விசிறியை நிறுத்திவைக்கும் அட்டைகள் இன்று பல. செயலிக்குரிய எட்டு முனைச் செருகியும் அட்டைக்குரியதும் தோற்றத்தில் ஒத்தவை. மின் அமைப்பிலோ நேர் மாறானவை. வலிந்து மாற்றிச் செருகினால் நல்ல அட்டையும் அப்பொழுதே கெடும். ஒரு மின்வழங்கியின் வடத்தை மற்றொன்றில் மாட்டுவதும் இத்தகைய கேட்டையே விளைவிக்கக்கூடும்.

கைவைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, சுவர்ச் செருகியைப் பிடுங்கி, கணினியின் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கவேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் தேங்கிய மின்னையும் நீக்கிக்கொள்வது நன்று. பின்னர்ச் செருகுவாயின் கடைக்கோடியிலுள்ள தாழை விடுவித்து அட்டையை எடுத்து, மீண்டும் தாழ் விழும்வரை நேராக அழுத்திப் பொருத்துக. கனத்த அட்டைகள் நாளடைவில் ஒருபுறம் தொய்ந்து பிடிப்பை இழப்பது உண்டு. நினைவகப் பட்டைகளையும் இவ்வாறே எடுத்துப் பொருத்தி, ஒவ்வொன்றாக வைத்துச் சோதிக்கலாம். அட்டைமேல் வரும் பழியில் ஒரு பகுதி உண்மையில் நினைவகத்திற்குரியது.

தாய்ப்பலகை தானே பேசுவதும் உண்டு. அவார்டு நிறுவனத்தின் பழைய தொடக்க நிரல், நீண்ட ஒலி ஒன்றும் குற்றொலி இரண்டும் எழுப்பினால் குறை படப்பகுதியில் என்பது பொருள். இக்காலப் பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், படம், தொடக்கம் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. படத்திற்குரிய விளக்கின் அருகில் ‘வி.ஜி.ஏ.’ என்று பொறித்திருப்பர். அது 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த ஒரு முறையின் பெயர். முறை மூத்து ஓய்ந்தும் பெயர் வாழ்கிறது. டி.டி.ஆர்.5 நினைவகம் பொருத்திய புதுக் கணினி முதன்முறை இயங்கும்போது, நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் இருண்டிருப்பது இயல்பே. பொறுமையின்றி மின்சாரத்தை நிறுத்துவோர் அவ்வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்கின்றனர்.

இருள் எப்பொழுது கவிகிறது என்பதும் கருதத்தக்கது. முதலில் நிறுவனத்தின் சின்னம் தோன்றி, விண்டோஸ் எழும்பும் வேளையில் திரை இருண்டால், அட்டையைவிட அதனை இயக்கும் மென்பொருளின்மீதே ஐயம் கொள்ளவேண்டும். பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி, அம்மென்பொருளை நீக்கி, மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். தொடக்கம் முதலே இருளாயின், தாய்ப்பலகையிலுள்ள மூன்று வோல்ட் நாணய மின்கலத்தை, மின்சாரம் நிறுத்திய நிலையில், சில நிமிடம் கழற்றி வைத்து அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

இவை யாவும் முடிந்த பின்னரே அட்டையை மற்றொரு கணினியில் வைத்துப் பார்க்கவேண்டும். போதிய மின்சாரமுள்ள அங்கும் படம் இல்லையானால் குற்றம் அட்டையினுடையதே. அப்பொழுதும் அதனை அடுப்பிலிட்டுச் சுட்டால் பற்றவைப்பு இளகிச் சரியாகும் என்னும் வழக்கை நம்பலாகாது. சில அட்டைகள் அவ்வாறு சின்னாள் உயிர்த்ததுண்டு. எழும் புகையோ உணவு சமைக்கும் அடுப்பிற்கு ஆகாதது. உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் விலைச்சீட்டுடன் கடைக்குக் கொண்டுசெல்வதே முறை.